பாட்டு கேட்குது, வசனம் கேட்கல: 5.1 ஸ்பீக்கர்ல கோளாறு எங்க இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, இடையில் தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் சத்தத்தைப் பத்தி. சரியா சொன்னா, வர வேண்டிய இடத்துல வராத சத்தத்தைப் பத்தி.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல கூரம்னு ஒரு ஊர் இருக்கு. ராமானுஜரோட முக்கியமான சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அவரைப் பத்தி வைணவத்துல பரம்பரையா சொல்ற ஒரு கதை உண்டு. ராத்திரி அவர் வீட்டுக் கதவைச் சாத்துற சத்தம் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் வரைக்கும் கேட்குமாம். "இது என்ன சத்தம்?"னு பெருந்தேவித் தாயாரே விசாரிச்சாங்களாம். ஒரு பேச்சுக்கு ரெண்டு ஊருக்கும் நடுவுல 10 கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. காத்துல சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். அந்தக் கதவுச் சத்தம் காஞ்சி போய்ச் சேரவே கிட்டத்தட்ட அரை நிமிஷம் ஆகும்!

இதே கூரத்துல இருந்து நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் நோட்ல பிரச்சனை நேர் எதிர். ஒரே ரூம்ல, 2 மீட்டர் தூரத்துல இருக்கிற ஸ்பீக்கர்ல வசனம் கேட்கல.

கேஸ் இதுதான்

காலேஜ் படிக்கிற தம்பி. அம்மா, அப்பா ரெண்டு பேரும் பட்டுத் தறி நெய்யறவங்க. அப்பா தீபாவளி போனஸ்ல வாங்கின 5.1 செட், ஒரு டெஸ்க்டாப்போட இணைச்சிருக்கு. தம்பி சொன்ன அறிகுறிகளை வரிசையா சொல்றேன். கேட்டுக்கிட்டே நீங்களும் யோசிங்க.

ஒண்ணு: போன்ல இருந்து ப்ளூடூத் வழியா பாட்டு போட்டா ஆறு பெட்டியும் பாடுது. வூஃபர் கும்முனு இருக்கு.

ரெண்டு: கம்ப்யூட்டர்ல படம் போட்டா, மியூசிக் வருது, மழைச் சத்தம் வருது, பின்னாடி ஸ்பீக்கர்ல கார் போறது கூட கேட்குது. ஆனா ஆள் பேசுறது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.

மூணு: படம் ஓடும்போது வூஃபரும் சும்மா இருக்கு.

கடையில காட்டினப்போ "போர்டு போயிடுச்சு தம்பி, மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. கேட்ட காசு புது செட் விலையில பாதி. வசனம் புரியலன்னு அம்மா படம் பார்க்கறதையே விட்டுட்டு டிவி பக்கம் போயிட்டாங்க. "அண்ணா, போர்டு மாத்தவா, இல்ல இதைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கவா?" இதுதான் தம்பியோட கேள்வி.

ரெண்டும் வேண்டாம்னு நான் ஏன் சொன்னேன்? அதைப் புரிஞ்சுக்க, 5.1-ன்னா என்னன்னு முதல்ல பார்த்துடலாம்.

ஆறு சேனல், மூணு வயர்

5.1-ல மொத்தம் ஆறு சேனல். முன்னாடி இடது, வலது. நடுவுல சென்டர். பக்கவாட்டுல இல்ல பின்னாடி ரெண்டு சரவுண்ட். இது அஞ்சு. அந்த புள்ளி ஒண்ணுங்கிறது சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற அடிச்சத்தத்துக்கு மட்டுமான சேனல். வெடிச்சத்தம், இடி, இதெல்லாம் அது வழியா வூஃபருக்குப் போகும். முழு ரேஞ்சும் இல்லாததாலதான் அதை ஒரு முழு சேனலா எண்ணாம ".1"னு எழுதுறாங்க.

கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டை, அதாவது 3.5 எம்.எம். ஜாக், ஒவ்வொண்ணும் ரெண்டு சேனலைத்தான் தூக்கிட்டுப் போகும். அதனால ஆறு சேனலுக்கு மூணு வயர். பச்சை ஜாக் முன்னாடி ரெண்டு ஸ்பீக்கருக்கு. கறுப்பு பின்னாடி ரெண்டுக்கு. ஆரஞ்சு சென்டருக்கும் வூஃபருக்கும் சேர்த்து.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க. சென்டரும் வூஃபரும் ஒரே வயர்ல போகுது.

வசனம் ஏன் நடுவுல வருது?

சென்டர் ஸ்பீக்கர் தியேட்டர்ல பிறந்த ஐடியா. ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வச்சா, நடு சீட்ல உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் குரல் திரையில இருந்து வர்ற மாதிரி தோணும். ஓரமா இருக்கிறவருக்கு அவர் பக்கத்து ஸ்பீக்கர்ல இருந்து வர்ற மாதிரி இருக்கும். திரைக்கு நடுவுல தனியா ஒரு ஸ்பீக்கர் வச்சு அதுல வசனத்தைக் கொடுத்தா இந்தப் பிரச்சனையே இல்ல. 1940-ல டிஸ்னி 'ஃபேன்டேசியா'வுக்காக பல சேனல் ஒலியைத் தியேட்டருக்குக் கொண்டு வந்தாங்க. 1992-ல 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டல் 5.1-ல வந்துச்சு. நம்ம ஊர்ல 1995-ல 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவுல வந்தது. 2012-ல 'சிவாஜி' 3டி-யை டால்பி அட்மாஸுக்கே மாத்தி வெளியிட்டாங்க. டெக்னாலஜி எவ்வளவு மாறினாலும் ஒரு வழக்கம் மாறவே இல்ல: வசனத்துல பெரும்பகுதி சென்டர்லதான்.

அதனால "மியூசிக் கேட்குது, வசனம் கேட்கல"ன்னு யாராவது சொன்னா, பிரச்சனைக்குப் பேரே வச்சாச்சுன்னு அர்த்தம். சென்டர் சேனல் எங்கேயோ வழியில தொலைஞ்சு போச்சு.

இதுக்கு இன்னொரு வடிவமும் இருக்கு. உங்ககிட்ட இருக்கிறது வெறும் ரெண்டு ஸ்பீக்கர், ஆனா விண்டோஸ்ல தப்பா 5.1-னு செட் ஆகியிருக்கு. அப்போ கம்ப்யூட்டர் வசனத்தை இல்லாத சென்டருக்கு அனுப்பிடும். கேட்கிறது வெறும் பின்னணி இசை மட்டும்தான். இங்க மருந்து ஒரே கிளிக்: ஸ்டீரியோன்னு மாத்துங்க. சென்டர்ல இருக்கிறதையும் ரெண்டு ஸ்பீக்கர்லயும் கலந்து கொடுத்துடும்.

ரெண்டு ஒண்ணா போனா, பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க

இப்ப தம்பி கேஸுக்கு வருவோம். படத்துல சென்டரும் இல்ல, வூஃபரும் இல்ல. ரெண்டு வேற வேற பெட்டி. வேற வேற சைஸ். ரெண்டும் ஒரே நாள்ல தனித்தனியா கெட்டுப்போக வாய்ப்பு ரொம்பக் கம்மி. அப்போ ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கு? ஒரே வயர், ஒரே ஜாக்.

சாஃப்ட்வேர்ல நாங்க தினமும் பண்றது இதுதான். ஒரே நேரத்துல ரெண்டு சர்வீஸ் விழுந்தா ரெண்டோட கோடையும் தனித்தனியா தோண்ட மாட்டோம். ரெண்டும் எதை நம்பி நிக்குதுன்னுதான் முதல்ல பார்ப்போம். தம்பி வீட்லயும் இது புதுசில்ல. பாவுல இழை அறுந்தா யாரும் பாவையே கழட்டிப் போடறதில்ல. எந்த இடத்துல அறுந்துச்சுன்னு தேடி, அங்க மட்டும் முடிச்சுப் போடுவாங்க.

இன்னொரு முக்கியமான சாட்சி, ப்ளூடூத். அதுல பாட்டு போட்டா சென்டரும் வூஃபரும் பாடுதுல்ல? அப்போ அந்த ரெண்டு ஸ்பீக்கரும் உயிரோட இருக்கு. அதை ஓட்டுற ஆம்ப்ளிஃபயரும் உயிரோட இருக்கு. "போர்டு போயிடுச்சு"ங்கிற தீர்ப்புல பாதிக்கு மேல இங்கயே அடிபட்டுப் போச்சு. மிச்சம் இருக்கிற சந்தேகம் மூணு: செட்டோட இன்புட், வயர், கம்ப்யூட்டர்.

மாத்திச் சொருகுங்க: நோய் நகருதா, நிக்குதா?

இந்த மூணுல எதுன்னு கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் கூட வேண்டாம். செட்டை ஆஃப் பண்ணுங்க. ஆன்ல இருக்கும்போது பிடுங்கினா 'டர்ர்'னு அடிக்கும், ஸ்பீக்கருக்கு நல்லதில்ல. இப்ப கம்ப்யூட்டர் பக்கத்துல முன் ஸ்பீக்கர் வயரையும் சென்டர் வயரையும் இடம் மாத்திச் சொருகுங்க. வால்யூமைக் குறைச்சு வச்சு ஒரு சாதாரண பாட்டைப் போடுங்க.

இப்ப சென்டரும் வூஃபரும் பாடுதா? அப்படின்னா அந்த வயர், செட்டோட இன்புட், ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாமே நிரபராதி. குற்றவாளி கம்ப்யூட்டர் பக்கம். வூஃபர்ல பாட்டு கொஞ்சம் அடைச்ச மாதிரி கேட்கும், அது இயல்பு.

மாத்தின பிறகும் அதே ரெண்டும் ஊமையாவே இருக்கா? அப்போ கம்ப்யூட்டரை விடுங்க. அடுத்து அதே வேலையை செட்டோட பின்பக்கம் பண்ணுங்க. வயரை மட்டும் மாத்திப் பாருங்க. புது வயர்ல வந்துட்டா பழைய வயர்தான் பிரச்சனை. அப்பவும் வரலைன்னா செட்டோட இன்புட்.

விதி ஒண்ணே ஒண்ணு. ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாத்துங்க. டிரைவரையும் அப்டேட் பண்ணி, வயரையும் மாத்தி, செட்டிங்ஸையும் தட்டிவிட்டா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. அடுத்த மாசம் திரும்ப வந்தா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

பிங்க் ஜாக்கோட ரெட்டை வேஷம்

தம்பி மாத்திச் சொருகினார். சென்டரும் வூஃபரும் பாடிடுச்சு, முன் ஸ்பீக்கர் ரெண்டும் ஊமையாயிடுச்சு. நோய் ஜாக்கோடயே போகுது. அப்போ கம்ப்யூட்டர்தான்.

பின்னாடி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்த மதர்போர்டுல மூணே மூணு ஜாக்: பச்சை, நீலம், பிங்க். கறுப்பும் இல்ல, ஆரஞ்சும் இல்ல. நிறைய சாதாரண மதர்போர்டு இப்படித்தான் வருது. நீலம் வெளிச்சத்தத்தை உள்ள வாங்குற லைன்-இன். பிங்க் மைக். 5.1 வேணும்னா இந்த ரெண்டையும் சாஃப்ட்வேர் மூலமா திசை மாத்தணும். நீலம் பின் ஸ்பீக்கருக்கு, பிங்க் சென்டர்-வூஃபருக்கு.

ஜாக்ல ஏதாவது சொருகினதும் ரியல்டெக் ஆடியோ சாஃப்ட்வேர்ல "என்ன சாதனம் சொருகினீங்க?"ன்னு ஒரு விண்டோ எட்டிப் பார்க்கும். நம்மள்ல பாதிப் பேர் அதைப் படிக்காமலேயே மூடிடுவோம். இங்க நடந்ததும் அதுதான். நீலத்துக்குச் சரியான பதில் போயிருக்கு, அதனால பின் ஸ்பீக்கர் வேலை செஞ்சுது. பிங்க் மட்டும் இன்னும் மைக்காவே உட்கார்ந்திருக்கு. அது சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. எதிர்ல சென்டர் ஸ்பீக்கரும் சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டா யார்தான் பேசறது?

ரியல்டெக் கன்சோலைத் திறந்து, பிங்க் ஜாக்கை சென்டர்-சப்வூஃபர்னு மாத்தினதும் வசனம் வந்துடுச்சு. செலவு பூஜ்யம். இப்ப தம்பியோட அம்மா வேற புகார் சொல்றாங்களாம்: சத்தத்தைக் குறை, பக்கத்து வீட்ல கேட்குதுன்னு.

இந்த டெஸ்ட்டை யார் வேணும்னாலும் பண்ணலாம். விண்டோஸ்ல டாஸ்க்பார் ஸ்பீக்கர் ஐகான்ல ரைட் கிளிக், சவுண்ட் செட்டிங்ஸ், அதுல கீழ மோர் சவுண்ட் செட்டிங்ஸ், ப்ளேபேக் டேப். உங்க ஸ்பீக்கரை செலக்ட் பண்ணி கான்ஃபிகர் அழுத்துங்க. 5.1 தேர்ந்தெடுத்து டெஸ்ட் பண்ணா ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் கொடுக்கும். எது வரல, எது இடம் மாறி வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. சென்டருக்கு வர வேண்டியது வூஃபர்ல வந்தா பயப்படாதீங்க, சில செட்ல அந்த ரெண்டும் இடம் மாறியிருக்கும். செட்டுக்குப் பின்னாடி அந்த ரெண்டு பின்னை மாத்தினா போதும்.

கோளாறே இல்லாத கோளாறுகள்

நமக்கு வர்ற கேள்விகள்ல நிறைய இந்த ரகம்தான். "பின்னாடி ஸ்பீக்கர்ல சத்தமே வரல."

முதல் கேள்வி: என்ன ஓடுது? பாட்டு பெரும்பாலும் ரெண்டு சேனல் ஸ்டீரியோ. யூடியூப் வீடியோவும் பெரும்பாலும் ஸ்டீரியோ. எம்.பி.3 போட்ட பென்டிரைவும் ஸ்டீரியோ. ரெண்டு சேனல்ல ரெண்டு ஸ்பீக்கர் பாடினா அதுல தப்பே இல்ல. எல்லா ஸ்பீக்கர்லயும் வேணும்னா ஸ்பீக்கர் ஃபில்னு ஒரு வசதி சில டிரைவர்ல இருக்கு. ஆனா அது ஒரே சத்தத்தைப் பரப்பிக் கொடுக்கிறது, உண்மையான சரவுண்ட் இல்ல.

ரெண்டாவது கேள்வி: எந்த வழியா வருது? போன்ல இருந்து ப்ளூடூத்ல பாட்டு கேட்கிற முறை ரெண்டு சேனலுக்கு மட்டும்தான். உங்க செட் அதை ஆறு பெட்டியிலயும் பாட வைக்கலாம், அது செட்டோட தாராளம். லேப்டாப்ல ஒரே ஹெட்ஃபோன் ஜாக்தான் இருக்குன்னா அதுவும் ஸ்டீரியோதான். ஒரு பின்னை மூணாப் பிரிக்கிற அடாப்டர் வாங்கினாலும் இல்லாத சேனலை அது உருவாக்காது. அந்தக் காசுக்கு மேல கொஞ்சம் போட்டு மூணு ஜாக் இருக்கிற யு.எஸ்.பி. 5.1 சவுண்ட் கார்டு வாங்குங்க, அது நிஜமா வேலை செய்யும். ஆப்டிகல் கேபிள்ல சுருக்காத ஒலி ரெண்டு சேனல்தான் போகும். ஆறு சேனல் போகணும்னா டால்பி டிஜிட்டல் இல்ல டி.டி.எஸ்.னு சுருக்கி அனுப்பணும். படத்துல ஏற்கனவே அப்படித்தான் இருக்கும். கேம்ல அப்படி இருக்காது. அதனாலதான் படத்துல சரவுண்ட் வந்து கேம்ல வராம போகுது.

மூணாவது: மானிட்டர். எச்.டி.எம்.ஐ. வயரைச் சொருகினதும் விண்டோஸ் சில நேரம் சத்தத்தை மானிட்டருக்குத் திருப்பிடும். மானிட்டர்ல ஸ்பீக்கரே இல்லன்னாலும்! ஸ்பீக்கர் ஐகானை அழுத்தி அவுட்புட் எதுன்னு பாருங்க. சத்தமே இல்லன்னு வர்ற கேஸ்ல முதல்ல பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நாலாவது: ரிமோட். நிறைய செட்ல ஆக்ஸ், 5.1-னு ரெண்டு இன்புட் மோட் இருக்கும். மூணு வயரும் சரியா சொருகி, மோட் மட்டும் ஆக்ஸ்ல இருந்தா ரெண்டு சேனல்தான் உள்ள போகும்.

உம்முனு ஒரு சத்தம்

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர்ல விடாம 'உம்ம்'னு வர்ற சத்தத்துக்குப் பெரும்பாலும் மூலம் அதுதான். முதல்ல செட்ல இருந்து எல்லா இன்புட் வயரையும் பிடுங்குங்க. அப்பவும் உம்முனு வந்தா செட்டுக்குள்ள பவர் சப்ளை பக்கம் பிரச்சனை, கடைக்கு எடுத்துட்டுப் போங்க. நின்னுடுச்சுன்னா வெளியில இருந்து வருது. கம்ப்யூட்டரும் செட்டும் வேற வேற பிளக் பாயின்ட்ல இருந்தா ரெண்டோட எர்த்தும் வேற வேற வழியா போய் ஒரு வளையம் உருவாகும். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுப் பாருங்க. லேப்டாப்னா சார்ஜரைக் கழட்டிப் பாருங்க.

ஒண்ணு மட்டும் செய்யவே செய்யாதீங்க. சத்தம் நிக்குதுன்னு எர்த் பின்னை உடைக்கிறது, டூ-பின் அடாப்டர் போடறது. 230 வோல்ட் உள்ள ஷார்ட் ஆனா உங்களைக் காப்பாத்த இருக்கிற வழி அந்த எர்த்தான்.

மௌஸை ஆட்டினா 'கிர்ர்'னு வருதா? கேபினட் முன்பக்க ஜாக்ல சொருகியிருந்தா பின்பக்கத்துக்கு மாத்துங்க. முன்பக்கத்துக்குப் போற மெல்லிசான வயர் உள்ள இருக்கிற எல்லா மின்சத்தத்தையும் பொறுக்கிட்டு வரும். வால்யூம் திருகைத் திருப்பும்போது மட்டும் 'கரகர'ன்னு வந்தா, அது தூசி. செட்டை ஆஃப் பண்ணி ஒரு இருபது தடவை முழுசா இப்படியும் அப்படியும் திருகுங்க, பெரும்பாலும் குறையும்.

நிஜமாவே ஸ்பீக்கர் போச்சுன்னா

இவ்வளவும் பண்ணி ஒரே ஒரு பெட்டி மட்டும் ஊமையா இருந்தா, அந்தப் பெட்டியோட வயரைச் செட்ல இருந்து கழட்டுங்க. ஒரு சுவர்க் கடிகார பேட்டரி, 1.5 வோல்ட், எடுத்து வயரோட ரெண்டு முனையையும் பேட்டரியோட ரெண்டு முனையில ஒரு கணம் தொட்டு எடுங்க. 'டொக்'னு சத்தம் வந்தா காயிலுக்கு உயிர் இருக்கு. வரலைன்னா காயிலோ உள்வயரோ அறுந்திருக்கு. அப்பவும் செட்டை மாத்த வேண்டாம். அதே ஓம் அளவுல, அதே சைஸ்ல ஒரு ஸ்பீக்கர் போட்டா போதும். சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல தனி ஸ்பீக்கர் கிடைக்கும். ஓம் எவ்வளவுன்னு பழைய ஸ்பீக்கர் முதுகுல பெரும்பாலும் எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க. குறைஞ்ச ஓம் போட்டா ஆம்ப் சூடாகி, இல்லாத கோளாறு வந்து சேரும்.

கடைக்குப் போறது தப்பே இல்ல. மெக்கானிக்கைக் குறை சொல்றதும் என் நோக்கம் இல்ல. "சத்தம் வரல"ன்னு மட்டும் சொல்லி ஒரு பெட்டியை மேசையில வச்சா, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரும் வயரும் அவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியறது அந்த போர்டு மட்டும்தான். அதனால போகும்போது மூணே வரி எழுதி எடுத்துட்டுப் போங்க: எந்த இன்புட்ல எது பாடுது, எந்த இன்புட்ல எது பாடல, வயரை மாத்தினா கோளாறு நகருதா நிக்குதா. நல்ல மெக்கானிக் இதைப் பார்த்ததும் நேரா அந்த இடத்துக்குப் போயிடுவார். இதைப் படிக்காமலேயே "போர்டு மாத்தணும்"னு சொன்னா, செட்டைத் தூக்கிட்டு அடுத்த கடைக்குப் போங்க.

உங்க வீட்லயும் ஊமையான ஸ்பீக்கர் இருந்தா, அந்த மூணு வரியோட ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.